நாய்க்கூண்டு அளவு குடிலா, செதுக்கிய மண்டபமா? குக் கால ஓவியங்களில் மாவோரி வீடுகள்

கேள்வி இது: கேப்டன் குக்குடன் போன ஓவியர்களின் படங்களில் நியூசிலாந்து மாவோரி மக்களின் வீடுகள் குனிந்து நுழைய வேண்டிய குடிசைகளாகவே இருக்கின்றன. இன்று அங்கே போய் வருபவர்கள் காட்டும் போட்டோக்களிலோ முகப்பு முழுக்கச் சிற்ப வேலை செய்த, செங்காவி பூசிய பெரிய மண்டபங்கள். ஓவியர்கள் வேண்டுமென்றே மட்டம் தட்டி வரைந்தார்களா? பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு படம் வைக்க வேண்டும், எதை வைப்பது?

மட்டம் தட்டி வரையவில்லை. அந்தக் குடிசைகள் உண்மையாகவே இருந்தன. மண்டபமும் உண்மைதான், ஆனால் அந்த அளவில் அது பிற்காலத்தது. ஓவியர் என்ன வரைந்தார் என்று பார்ப்பதற்கு முன் அவர் எங்கே நின்று வரைந்தார், எத்தனை நாள் அங்கே இருந்தார், அவர் வரைந்ததை அப்புறம் யார் கையில் எடுத்து மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். நான் பழைய பயணப் படங்களைப் பல வருடமாகத் துருவிக்கொண்டிருப்பவன். இந்த மூன்றையும் கேட்காமல் பார்த்து நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

முதலில் வந்த ஐரோப்பியப் படத்தில் வீடே கிடையாது. 1642 டிசம்பரில் ஏபல் டாஸ்மன் தலைமையில் வந்த டச்சுக் கப்பல்களில் ஐசக் கில்செமன்ஸ் என்பவர் படம் வரைந்தார். கரையில் இறங்குவதற்குள் மோதல் வந்து, டச்சு மாலுமிகள் நான்கு பேர் இறந்தார்கள். கப்பல்கள் திரும்பிவிட்டன. ஆகவே அவர் படத்தில் இருப்பது படகுகளும் படகில் இருந்த மனிதர்களும்தான். அடுத்த 127 வருடம் ஐரோப்பாவுக்கு மாவோரி வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

1769 அக்டோபரில் குக்கின் எண்டெவர் கப்பல் இன்றைய கிஸ்போர்ன் நகரம் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. கப்பலில் ஜோசப் பேங்க்ஸ் என்ற பணக்கார இயற்கை ஆய்வாளர் இருந்தார். அவர் கூட்டி வந்த ஓவியர்களில் நிலக்காட்சியும் மனிதர்களும் வரைய வேண்டிய அலெக்சாண்டர் பக்கன் ஆறு மாதம் முன்பே தஹிதியில் இறந்துவிட்டார். மிஞ்சியவர் சிட்னி பார்க்கின்சன். அவர் வேலை செடிகொடிகளை வரைவது. கூடவே பேங்க்ஸின் எழுத்தர் ஹெர்மன் ஸ்பூரிங், கடிகாரம் செய்யத் தெரிந்தவர், கோடு துல்லியமாக வரும். இந்த இரண்டு பேர் கையில்தான் மாவோரி உலகத்தின் முதல் படங்கள் விழுந்தன. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து வரைய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அவர்கள் வரைந்ததில் பெரும்பாலும் தூரத்திலிருந்து பார்த்த கரையோரம், படகு, பச்சை குத்திய முகம், குன்றின்மேல் கோட்டை.

அந்தக் கோட்டைக்கு மாவோரியில் பெயர் பா. பழைய ஆங்கில அச்சுப் படங்களின் அடியில் 'ஹிப்பா' என்று போட்டிருப்பார்கள். அது வேறு ஒன்றுமில்லை. 'இது என்ன?' என்று கேட்டிருப்பார்கள். 'ஹெ பா', அதாவது 'ஒரு பா' என்று பதில் வந்திருக்கும். 'ஒரு' என்ற சொல்லையும் சேர்த்துப் பெயராக எழுதிக்கொண்டார்கள். ஊரைக் கேட்டவனுக்கு 'ஒரு ஊர்' என்று சொல்ல, அவன் வரைபடத்தில் 'ஒருவூர்' என்று குறித்த கதை.

இதில் பெயர் பெற்ற படம் ஒன்று உண்டு. 1769 நவம்பர் 12 அன்று குக்கும் பேங்க்ஸும் மெர்குரி விரிகுடாவில் இரண்டு கோட்டைகளைப் பார்க்கப் போனார்கள். ஒன்று கடலில் தனித்து நிற்கும் சிறு பாறை. உச்சியில் கழி வேலி. உள்ளே ஐந்தாறு வீட்டுக்கு மேல் இடமில்லை. பாறையின் அடியில் அலை குடைந்து குடைந்து ஒரு பெரிய வளைவு வாசல் உண்டாகியிருந்தது, தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 அடி உயரம். பேங்க்ஸுக்குத் தலைகால் புரியவில்லை, இவ்வளவு அழகான இடத்தைப் பார்த்ததே இல்லை என்ற ரீதியில் நாட்குறிப்பில் உருகியிருக்கிறார். ஸ்பூரிங் அதை வரைந்தார். 1773இல் ஜான் ஹாக்ஸ்வர்த் தொகுத்த பயண நூலில் அது அச்சானபோது படத்தின் அடியில் டொலாகா விரிகுடா என்று வேறு ஊரின் பெயர் ஏறிவிட்டது. அங்கும் கடல் குடைந்த ஒரு பாறை வளைவு இருந்ததால் வந்த குழப்பமாக இருக்கலாம். எப்படியோ, இரண்டு ஊர் ஒன்றாகிவிட்டது.

அதே நாள் பார்த்த இரண்டாவது கோட்டை ஃபரேதாயேவா. அங்கே இரட்டை அகழி, மண் கரை, வேலிக்கு உள்ளே 20 அடி உயரத்தில் 40 அடிக்கு மேல் நீளமான சண்டைப் பரண், பரண் மேல் ஈட்டியும் கல்லும் குவித்து வைத்திருந்தார்கள். குக் ராணுவக்காரர் கண்ணோடு ஒவ்வொன்றையும் அளந்து எழுதினார். வாழும் ஊர் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று தெரிந்துகொள்ள அந்த எழுத்துதான் உதவும். படத்தில் புகழ் பெற்றதோ ஐந்தாறு வீட்டுக்கு மேல் கொள்ளாத அழகுப் பாறை. ஓவியத்துக்குத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கும் ஆட்கள் வாழும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

சரி, வீட்டுக்கு வருவோம். பேங்க்ஸ் எழுதி, ஹாக்ஸ்வர்த் அச்சிட்ட வர்ணனை அன்றைக்கு ஐரோப்பா முழுக்கப் பரவியது: இந்த மக்கள் செய்யும் பொருள்களிலேயே கைத்திறன் குறைந்தது வீடுதான், அளவைத் தவிர்த்துப் பார்த்தால் இங்கிலாந்து நாய்க்கூண்டுக்குக்கூடச் சமமில்லை, 18, 20 அடி நீளம், 8 முதல் 10 அடி அகலம், 5 அல்லது 6 அடி உயரம். 'நாய்க்கூண்டு' ஒப்புமை பிறந்த இடம் இது. ஆனால் அதே வர்ணனை, இந்த வீடுகள் குளிருக்கு ஏற்றபடி கட்டியவை என்பதையும் சொல்கிறது. தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு வாசல், பக்கத்தில் சாளரமும் புகைபோக்கியுமாக ஒரே சதுர ஓட்டை, அதன் அருகே அடுப்புக்குழி, பல வீடுகளில் வாசலுக்கு மேலே செதுக்கு வேலை செய்த ஒரு பலகை. மேற்கோள் காட்டுபவர்கள் நாய்க்கூண்டை எடுத்துக்கொண்டு பலகையை விட்டுவிடுவார்கள்.

ஏன் அவ்வளவு தாழ்வு? அது இரவில் தூங்கும் வீடு. மாவோரியில் ஃபரே என்றால் வீடு, ஃபரே புனி என்றால் கதகதப்பாகத் தூங்கும் வீடு. தரையைச் சற்றுத் தோண்டி, சுவரில் மண்ணை அணைத்து, ரௌபோ என்ற, நம் குளக்கரைச் சம்பங்கோரையின் இனத்தைச் சேர்ந்த கோரையைக் கட்டுக்கட்டாக அடுக்கி அதை அடைப்பார்கள். கதவைச் சாத்தினால் சின்ன நெருப்பிலேயே ராத்திரி முழுக்கச் சூடு தங்கும். பகலில் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். வேலை, பேச்சு, சாப்பாடு எல்லாம் வெளியே, அல்லது கூரை முன்னால் நீண்டு வரும் திண்ணையில். சமையல் தூங்கும் வீட்டில் நடக்கவே கூடாது. அதற்கு வேறு கொட்டகை. தபு என்ற விலக்குமுறை அப்படி. சேமிப்புக்கு இன்னொன்று: பாட்டக்கா, கால்நாட்டி உயர்த்திய களஞ்சியம். எலி ஏறாது, ஈரம் படாது. பல ஊர்களில் மனிதர் தூங்கும் வீட்டைவிடச் சிற்பம் கூடுதலாக இருந்தது அந்தக் களஞ்சியத்தில்தான். நெல் குதிருக்குப் பொட்டு வைக்கும் ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பார்க்க வந்தவர்கள் நேரே தஹிதியிலிருந்து வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று மாதம் அங்கே சுவர் இல்லாத, காற்றோட்டமான, நீண்ட ஓலைக் கூரை வீடுகளில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு இந்தத் தாழ்ந்த வீடு தரித்திரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. கப்பலில் இருந்த துபாயா என்ற ராயாத்தேயாத் தீவுப் பூசாரியும் ஓவியம் வரைந்தார். தஹிதியின் நீண்ட வீட்டை அவர் வரைந்த நீர்வண்ணப் படம் இன்றும் இருக்கிறது. நியூசிலாந்தில் அவர் வரைந்ததாக நமக்குத் தெரிந்தது ஒரு மாவோரி மனிதர் ஒரு ஆங்கிலேயரிடம் கடல் இறாலைக் கொடுத்துத் துணி வாங்கும் காட்சி. அதைக்கூட வெகுகாலம் பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் வரைந்ததாகத்தான் நினைத்திருந்தார்கள். பேங்க்ஸ் எழுதிய ஒரு பழைய கடிதத்தை வைத்து 1997இல்தான் அது துபாயாவின் கை என்று தெரிந்தது. மாவோரி மக்களோடு நேரடியாகப் பேசி, கப்பலுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர்தான். அவர் ஒரு மாவோரி வீட்டை வரைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இப்போது என் பதிலின் நடு இடத்துக்கு வருகிறேன். 1769 அக்டோபர் 28. டொலாகா விரிகுடா, மாவோரிப் பெயர் உவாவா. அங்கே கரையை ஒட்டிப் பௌரேவா என்ற சின்னத் தீவு. பேங்க்ஸ் அங்கே இறங்கி, அதுவரை பார்த்ததிலேயே பெரிய வீடு ஒன்றைக் கண்டார். 30 அடி நீளம். வேலை முடியவில்லை. தரையெல்லாம் மரச் சீவல். மரத்தை அவ்வளவு சமமாக, வழவழப்பாக இழைத்திருந்ததைப் பார்த்து, இவர்களிடம் மிகக் கூர்மையான கருவி இருக்க வேண்டும் என்று எழுதினார். அப்போது அங்கே இரும்பு கிடையாது, எல்லாம் கல் உளி. பக்கச் சுவரின் தூண்பலகைகள் எல்லாவற்றிலும் தேர்ந்த கை செதுக்கிய சுருள்களும் கோணிய மனித முகங்களும். இவை வேறு இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை போலத் தெரிகின்றன, ஆகவே இவர்களிடையே இதற்கு மதிப்பு இருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். உவாவா அப்போது தே ராஃபெயோரோ என்ற கல்விச்சாலையின் ஊர். செதுக்குக் கலைக்குப் பெயர் போனது. பேங்க்ஸுக்கு அது தெரியாது.

ஆக, செதுக்கிய வீடு 1769இலேயே இருந்தது, ஐரோப்பியர் அதற்குள் நின்றும் பார்த்தார்கள். ஆனால் யாரும் அந்த வீட்டை வரைந்த படம் நம்மிடம் இல்லை. வீட்டை வரைவதற்குப் பதில் ஒரு தூண்பலகையைக் கப்பலில் ஏற்றினார்கள். லண்டன் போன பிறகு 1771 வாக்கில் ஜான் ஃபிரெடரிக் மில்லர் என்ற ஓவியர் அதை மேசைமேல் வைத்து வரைவது போல, பின்னணி எதுவும் இல்லாமல், தனிப் பலகையாக வரைந்தார். பலகை அப்புறம் காணாமல் போனது. 1990களில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகச் சேகரிப்பில் பெயரில்லாமல் கிடந்த ஒரு பலகை அதுதான் என்று கண்டுகொண்டார்கள். அடையாளம் காட்டியது மில்லரின் படம். குக் காலப் படங்களில் மாவோரி வீட்டைப் பற்றி மிக நம்பகமான ஒன்றைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதில் வீடு இல்லை, வீட்டின் ஒரு எலும்பு மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த சிக்கல், அச்சு. அன்றைக்கு ஓவியம் வாசகரிடம் நேராகப் போகாது. வேறொருவர் அதைத் திருத்தி வரைவார், இன்னொருவர் செப்புத் தகட்டில் வெட்டுவார். இருவருமே அந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த அப்பட்டமான உதாரணம் மாவோரி வீடு அல்ல, அதே பயணத்தில் தென் அமெரிக்க முனையான டியரா டெல் ஃபுயேகோவில் பக்கன் வரைந்த ஒரு குடில். பக்கனின் படத்தில் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் சில மனிதர்கள், தழையும் தோலும் போட்ட வெறும் மறைப்பு. ஹாக்ஸ்வர்த்தின் நூலுக்காக இத்தாலியரான சிப்ரியானி அதைத் திரும்ப வரைந்தார், பார்த்தலோஸி தகட்டில் வெட்டினார். குடில் நடுவில் இருக்கிறது, ஆனால் சுற்றிலும் பூங்கா போல மரங்கள், அழகான உடல்கள், சொர்க்கத்தில் ஒரு குடும்பம். மாவோரிப் படங்கள் போனதும் இதே நூலுக்குத்தான், இதே பட்டறை வழக்கத்துக்குத்தான். இந்த அழகுபடுத்தலை அந்தக் காலத்திலேயே சிலர் எதிர்த்தார்கள். இரண்டாவது பயணத்தில் போன கியோர்க் ஃபார்ஸ்டர், டோங்கா தீவில் இறங்கும் காட்சியின் அச்சுப் படத்தில் தீவு மக்கள் கிரேக்கச் சிலை போல இருப்பதாகக் குறைபட்டிருக்கிறார்.

அந்த இரண்டாவது பயணத்தின் ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ். 1773இல் தெற்குத் தீவின் தென்மேற்கில் உள்ள டஸ்கி சவுண்ட் என்ற கடற்கழியில் வாரக்கணக்கில் தங்கினார்கள். அங்கே ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தை மரப்பட்டையால் ஆன தாழ்ந்த இரண்டு குடில்கள் என்று குக் எழுதினார். ஹாட்ஜஸின் மனம் அருவியிலும் வானவில்லிலும் இருந்தது, குடிலில் இல்லை. மேகமும் வெளிச்சமும் வேண்டுமென்றால் அவரைப் பாருங்கள். வீடு வேண்டுமென்றால் வேண்டாம். (இதே ஹாட்ஜஸ் 1780இல் மதராசில் வந்து இறங்கி, ஹைதர் அலியின் போரால் வெளியே எங்கும் போக முடியாமல் நகரத்திலேயே மாட்டிக்கொண்டார்.)

நீங்கள் பார்த்த குடிசைப் படம் பெரும்பாலும் ஜான் வெபர் வரைந்ததாகத்தான் இருக்கும். மூன்றாவது பயணம், 1777 பிப்ரவரி, தெற்குத் தீவின் வட முனையில் குயின் சார்லட் சவுண்ட். வெபர் முறையாகப் பயின்றவர், வேகமாக வரைவார், மனிதர் இருக்கும் காட்சி அவருக்கு வரும். 1784இல் வெளிவந்த பயண நூலின் படத் தொகுதியில் 'நியூசிலாந்தில் ஒரு ஹிப்பாவின் உட்புறம்' என்ற தகட்டுப் படம் அவருடையது. மாவோரி ஊருக்குள்ளே நின்று பார்ப்பது போன்ற காட்சிகளில் அதிகம் பரவியது அதுதான். அவர் வரைந்த இன்னொன்றில் குடில்களுக்குப் பக்கத்தில் குக் ஒரு மாவோரித் தலைவருக்குக் கை கொடுக்கிறார்.

கை கொடுத்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மூன்று வருடம் முன்பு, 1773 டிசம்பரில், அதே வட்டாரத்தில், இரண்டாவது பயணத்தில் குக்குக்குத் துணையாக வந்த அட்வென்ச்சர் கப்பலின் படகில் போன 10 பேரை மாவோரிகள் கொன்றிருந்தார்கள். குக் பழி வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று முதலில் பயந்தார்கள். அவர் பழி வாங்கப்போவதில்லை என்று தெரிந்ததும் வியாபாரத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து கப்பலுக்கு எதிரே கரையில் இறங்கினார்கள். கொலைக்குத் தலைமை தாங்கிய கஹுரா கூடத் தைரியமாகக் கப்பல் ஏறி வந்தார். குக்கின் அறையிலேயே வெபர் அவர் உருவத்தை வரைந்தார். அப்படி வந்தவர்கள் வீடு கட்டிய வேகத்தைப் பார்த்து குக் அசந்துபோய் எழுதுகிறார்: ஒரு மணி நேரம் முன்பு புதர் மண்டிக் கிடந்த இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குடில்கள் எழும்பிவிட்டன, கொஞ்சம் சாமானைப் படகிலேயே கொண்டுவருகிறார்கள், மிச்சத்தை அங்கேயே வெட்டிக்கொள்கிறார்கள்.

கப்பலைச் சுற்றி எழுந்தவை வீடு என்பதைவிடக் கூடாரம் என்று சொன்னால் சரியாக இருக்கும். திருவிழாவுக்கு வந்த வியாபாரி போடும் கொட்டகையை வரைந்து, இந்த ஊர் வீடுகள் இப்படித்தான் என்று அச்சடித்தால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. படம் பொய்யில்லை. வெபரின் நீர்வண்ணப் படங்களில் கூரை வேய்ந்த விதம், கழி நட்ட சாய்வு எல்லாம் பார்த்து வரைந்தவை என்று தெரியும். வந்தவர்கள் நின்ற துறை அப்படி. குக் திரும்பத் திரும்பப் போன அந்த இடம் மீன்பிடிக்கவும் போக்குவரத்துக்கும் மக்கள் வந்து தங்கும் வட்டாரம். உவாவா போலத் தோட்டமும் செதுக்குப் பள்ளியும் நிலைத்த இடம் அல்ல. ஐரோப்பா உவாவாவின் வீட்டைப் படமாகப் பார்க்கவில்லை, குயின் சார்லட் சவுண்டின் குடிலைப் பார்த்தது.

1844இல் ஜார்ஜ் ஃபிரெஞ்ச் ஆங்கஸ் போன பிறகுதான் நிலைமை மாறியது. அவர் கப்பலோடு வந்து கப்பலோடு போகவில்லை. உள்நாட்டில் நடந்தே திரிந்தார். 1847இல் லண்டனில் வெளியான அவருடைய வண்ணக் கல்லச்சுப் படங்களில் களஞ்சியம், கல்லறை, தலைவர் வீடு எல்லாம் முகப்புச் சிற்பத்தோடு வருகின்றன. மானா தீவில் தே ரங்கிஹாயாட்டா என்ற தலைவரின் வீட்டை வரைந்தார். வீட்டின் பெயர் 'காய் டங்காட்டா', மனிதரைத் தின்பது என்று பொருள். வீட்டுக்குப் பெயர் உண்டு என்பதையே ஐரோப்பிய வாசகர் அப்போதுதான் அறிந்திருப்பார். தபு உள்ள இடங்களை வரைய எதிர்ப்பு வந்ததையும் ஆங்கஸே சொல்கிறார். அவர் படங்களிலும் குறை உண்டு, எல்லாம் கொஞ்சம் அதிகச் சுத்தமாக, புதிதாகப் பூசியது போல இருக்கும். இருந்தாலும் சிற்பக் கோடுகளை அவர் கவனித்துத்தான் வரைந்திருக்கிறார்.

நீங்கள் போட்டோவில் பார்த்த பெரிய மண்டபத்தின் காலமும் இதுதான். இரும்பு உளி பரவலாகக் கிடைத்து, ஊர் கூடிப் பேச வேண்டிய காரியங்களும் வழிபாடும் பெருகியபோது, தலைவரின் தூங்கும் வீடு நீண்டு உயர்ந்து சபை மண்டபமாக ஆனது. அப்படிப்பட்டவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழையது தே ஹவ் கி தூரங்கா. குக் முதலில் இறங்கிய அதே கிஸ்போர்ன் பக்கத்தில் 1840களின் தொடக்கத்தில் ரஹருஹி ருகுபோவின் தலைமையில் செதுக்கியது. 1867இல் அரசு அதைப் பறித்துக்கொண்டு போனது. இப்போது வெல்லிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமைப்பைப் பார்த்தால் திண்ணை, ஒரு வாசல், ஒரு சாளரம், முகட்டு விட்டம், பக்கத் தூண்பலகை என்று பேங்க்ஸ் எழுதிய அதே வீடுதான், பல மடங்கு பெரிதாக.

கண்காட்சிக்கு என்ன வைப்பது என்று கேட்டீர்கள். வெபரின் படத்தையே வையுங்கள், முடிந்தால் தகட்டு அச்சை விட்டு அவர் கையால் வரைந்ததைத் தேடி எடுங்கள். அடியில் 'மாவோரி வீடு' என்று எழுத வேண்டாம். '1777 பிப்ரவரி, குயின் சார்லட் சவுண்ட். குக்கின் கப்பல்கள் நின்ற துறைப் பக்கம் கண்ட குடில்கள்' என்று எழுதுங்கள். பக்கத்தில் மில்லரின் பலகைப் படம். மில்லரின் மூலம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பலகையே 2019இல் டூபிங்கனிலிருந்து கிஸ்போர்னுக்கு இரவலாக வந்து, 250 வருடம் கழித்துத் தன் கரையோரத்தைப் பார்த்தது. குழந்தைகளுக்கு அந்தக் கதையையும் சொல்லலாம்.